பெரியம்மா தவறணைக்குப் போன கதை

போன சித்திரையில எங்கட குடும்ப வட்ஸ்அப் குழுவில ஒரே நாளில 43 படங்கள் வந்து விழுந்தன. லண்டனில இருக்கிற பெரியம்மாவுக்கு அறுபதாவது பிறந்தநாள். பட்டுச்சீலை, கேக், பலூன் எல்லாம் வழமைதான். இடம்தான் புதுசு. வழமையா ஒரு பள்ளிக்கூட ஹோலை வாடகைக்கு எடுத்து, இருநூறு பேருக்குச் சாப்பாடு சொல்லி, மைக் பிடிச்சுக் கத்துகிற கொண்டாட்டமாய்த்தான் இருக்கும். இந்த முறை மச்சான்மார் பதினெட்டுப் பேருக்கு மட்டும், நகரத்துக்கு வெளிய ஒரு கிராமத்துப் பப்பில மேசை பதிஞ்சிருக்கினம். தாழ்வான கூரை, கறுத்துப்போன வளைமரங்கள், ஒரு காலத்தில குதிரைச் சேணத்தில தொங்கவிட்ட பித்தளைப் பதக்கங்கள் சுவர் முழுக்க. அதுக்குக் கீழ பெரியம்மா, நெத்தியில திருநீறு, முன்னால பொரிச்ச கோழியும் பெரிய யோர்க்ஷயர் புடிங்கும். கைப்பைக்குள்ள இருந்து எடுத்த மிளகாய்ச் சோஸ் போத்தலும் படத்தில இருக்கு.

அம்மம்மா போனை வாங்கி, இரண்டு விரலால படத்தைப் பெருப்பிச்சுப் பார்த்தா.

"உது தவறணை எல்லோ? உவள் ஏன் அதுக்குள்ள நிக்கிறாள்?"

"இல்லையம்மா, அது சாப்பிடுற இடம்," என்றா அம்மா.

"அப்ப பின்னால போத்தில் அடுக்கிக் கிடக்கு? பிள்ளையளும் நிக்குதுகள்!"

எல்லாரும் சிரித்தோம். ஆனால் யோசித்துப் பார்த்தால் அம்மம்மாவின் கேள்வியில பிழையே இல்லை. தவறணை என்ற எங்கட ஊர்ச்சொல்லே ஐரோப்பியரோடு கப்பலில வந்து இறங்கியதுதான். இங்கிலிசில் 'டவேர்ண்' என்பதும் அதே குடும்பத்துச் சொல். கள்ளுத் தவறணைக்குள் எங்கட ஊரில் ஒரு பொம்பிளை பிள்ளைகுட்டியோட போய் இருந்து பிறந்தநாள் கொண்டாடுவாவா? அதே பெயர்க்காரன் அங்க எப்பிடி அம்மா, பிள்ளை, பேரப்பிள்ளை எல்லாரும் போகிற இடமாக மாறினான்? இதைத் தேடிக்கொண்டு போனபோதுதான் தெரிந்தது, அந்தக் கதவு எல்லாருக்கும் திறந்து இன்னும் ஒரு ஆயுட்காலம்கூட ஆகவில்லை என்று.

பழைய இங்கிலாந்தில் இந்த இடங்கள் மூன்று வகை. ஏல்ஹவுஸ் என்பது பியர் வடித்து விற்கிற சாதாரண வீடு; அனேகமாக ஒரு விதவையின் அடுப்படியாகக்கூட இருக்கும். டவேர்ண் என்பது வைன் விற்கிற, கொஞ்சம் காசுள்ளவர்கள் போகிற இடம். இன் என்பது வழிப்போக்கர்களுக்குப் படுக்கை, சாப்பாடு, குதிரைக்குத் தீனி கொடுக்கிற விடுதி. 1552 இல் வந்த சட்டத்தின் பிறகு ஏல்ஹவுஸ் நடத்த நீதவானிடம் அனுமதி எடுக்க வேண்டியிருந்தது. இன்னுக்கோ வேறொரு கடமை இருந்தது. இடம் இருந்து, வருகிறவரிடம் காசும் இருந்து, அவர் ஒழுங்காக நடந்துகொண்டால், வழிப்போக்கர் எவரையும் இன்காரர் திருப்பி அனுப்பக் கூடாது. நாடாளுமன்றம் போட்ட சட்டமில்லை இது, வழக்காற்றுச் சட்டம். ஏல்ஹவுஸ்காரருக்கு இந்தக் கடமை கிடையாது. பிடிக்காத ஆளைக் காரணம் சொல்லாமலே வெளியில் விடலாம். இந்த வித்தியாசத்தை மனதில வைத்திருங்கோ, பிறகு தேவைப்படும்.

இன்களில் பெரிய விருந்துகள் நடந்திருக்கின்றன. சந்தை நாளில் கமக்காரர் எல்லாரும் ஒரே நேரத்துக்கு, ஒரே விலைக்கு, ஒரே நீள மேசையில் இருந்து சாப்பிடுகிற சாப்பாட்டுக்கு 'ஓர்டினரி' என்று பெயர். காணிக்காரர் குத்தகைக் காசு வாங்குகிற நாளில் குத்தகைக்காரருக்கு இன்னில் விருந்து கொடுப்பார். கிராமத்துச் சகாய சங்கங்கள், அதாவது எங்கட மரண சகாய சங்கம் மாதிரியானவை, வருசத்தில் ஒருநாள் கொடி பிடித்து ஊர்வலம் போய்ப் பப்பில் சாப்பிட்டுக் குடித்தன. எல்லாம் கொண்டாட்டந்தான், ஆனால் ஆம்பிளைகளின் கொண்டாட்டம். குடும்பக் கொண்டாட்டம் வீட்டில்தான் நடந்தது. பொம்பிளைகள் அந்தக் கொண்டாட்டத்தைச் சமைத்தார்கள்.

1784 இல் தபால் வண்டிகள் ஓடத் தொடங்கிய பிறகு இன்களுக்குப் பொற்காலம். அரை நூற்றாண்டுதான். ரயில் வந்தது, பெருந்தெரு இன்கள் படுத்துவிட்டன. இதற்கிடையில் 1830 இல் ஒரு சட்டம் வந்து, வரி கட்டுகிற எவரும் இரண்டு கினி கொடுத்தால் பியர் விற்கலாம் என்றது. ஆயிரக்கணக்கில் பியர்க் கடைகள் முளைத்தன.

பிள்ளைகள் அந்தக் காலத்திலும் பப்புக்குப் போனார்கள், ஆனால் சாப்பிட இல்லை. வேலையால வந்த அப்பாவுக்குப் பியர் வாங்க, கையில் ஒரு கூசாவோடு அனுப்பப்பட்டார்கள். வருகிற வழியில இரண்டு வாய் குடித்துப் பார்க்கிறதும் உண்டாம். (கள்ளு வாங்க அனுப்பப்பட்ட எங்கட மாமாமாரைக் கேட்டால் இதே கதையைச் சொல்லுவினம்.) 1901 இல் வந்த சட்டம், 14 வயதுக்குக் குறைந்த பிள்ளையிடம் மூடி முத்திரை வைத்த போத்தலில் மட்டும்தான் கொடுக்கலாம் என்றது. 1908 ஆம் ஆண்டின் பிள்ளைகள் சட்டம் இன்னும் ஒருபடி மேலே போய், 14 வயதுக்குக் குறைந்தவர்கள் மது விற்கிற அறைக்குள் நிற்கவே கூடாது என்றது. பிள்ளைகளைக் காப்பாற்றத்தான் அந்தச் சட்டம், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதன் நிழல் எண்பது வருசத்துக்கு மேல் விழுந்தது. பப்பின் வாசற்படியில், பிறகு கார் பின்சீற்றில், கையில் லெமனேட்டும் உருளைக்கிழங்குச் சிப்ஸ் பைக்கற்றும் வைத்துக்கொண்டு அம்மா அப்பா வெளியில வரும்வரை காத்திருந்த ஞாபகம் அங்க ஒரு முழுத் தலைமுறைக்கே இருக்கிறது. அந்தச் சிப்ஸ் பைக்கற்றுக்குள் உப்பை நீலக் கடதாசியில முறுக்கி வைத்திருப்பார்கள்.

கதவைக் கொஞ்சம் திறந்தது, நம்புவீங்களோ தெரியாது, யுத்தம். முதலாம் உலகப் போரில் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் ஆட்கள் குடித்துவிட்டு வேலைக்கு வருகிறார்கள் என்று அரசாங்கம் பயந்தது. 1915 இல் ஒரு மதுக் கட்டுப்பாட்டுச் சபை வந்தது. அதுதான் பின்னேரத்தில் பப்பைப் பூட்டச் சொன்னது; யுத்தம் முடிந்த பிறகும் அந்த விதி போகவில்லை, சாதாரண நாட்களுக்கு 1988 வரை, ஞாயிற்றுக்கிழமைக்கு 1995 வரை நின்றது. ஸ்கொட்லாந்து எல்லையில் கிரெட்னா என்ற இடத்தில் பெரிய வெடிமருந்துத் தொழிற்சாலை ஒன்று கட்டினார்கள். பக்கத்துப் பட்டணமான கார்லைலில் தொழிலாளர் குவிந்தார்கள். 1916 இல் அரசாங்கம் அங்குள்ள பப்புகளையும் மதுவடிசாலைகளையும் தானே வாங்கிவிட்டது! கனக்கவற்றை மூடி, மிச்சத்தைத் திருத்தி, மேசை கதிரை போட்டு, சூடான சாப்பாடு விற்கத் தொடங்கியது. பழைய தபால் கந்தோர் ஒன்றைச் சாப்பாட்டோடு கூடிய மதுச்சாலையாக மாற்றி 'கிரெட்னா டவேர்ண்' என்று பெயர் வைத்தார்கள். நின்றுகொண்டு வேகமாகக் குடிக்கிறவனை இருந்து ஆறுதலாகச் சாப்பிட வைப்பதுதான் திட்டம். தொழிற்சாலையில் வேலை செய்த பெண்களும் உள்ளே வந்து இருக்கலாம். அரசாங்கத்தின் இந்தப் பப் வியாபாரம் 1970களின் தொடக்கம் வரை நடந்தது. எங்கட பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கத் தவறணைகளை நினைத்துப் பார்த்தேன். அங்க மேசை கதிரை போடுகிற யோசனை ஒருவருக்கும் வந்ததாய்த் தெரியவில்லை.

கதவு திறந்தது என்றாலும் உள்ளே வேறு கதவுகள் இருந்தன. பப் என்பது ஒரு அறை இல்லை. 'பப்ளிக் பார்' தொழிலாளருக்கு: வெறும் நிலம், மர வாங்கு, மலிவு விலை. 'சலூன்' உத்தியோகத்தருக்கு: கம்பளம், மெத்தைக் கதிரை, அதே பியருக்கு கூட விலை. 'ஸ்னக்' என்ற சின்ன அறை, அதிகமாக வயசான பெண்கள் கண்ணில் படாமல் இருந்து குடிக்க. 1930களின் கடைசியில் 'மாஸ் ஒப்சர்வேஷன்' என்ற ஆய்வுக் குழு போல்ட்டன் நகரத்துப் பப்புகளில் மாதக்கணக்காக இருந்து பார்த்து எழுதி, 1943 இல் புத்தகமாக வெளியிட்டது. மலிவு அறைகளுக்குள் பெண்கள் போகக் கூடாது என்பது எழுதாத சட்டமாய் இருந்ததை அது பதிவு செய்திருக்கிறது. எழுதாத சட்டம் எவ்வளவு உறுதியானது என்று யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

அதே 1943 இல்தான் என்னை இந்தக் கட்டுரை எழுத வைத்த சம்பவம் நடந்தது. லியறி கொன்ஸ்டன்டைன் என்ற பெயரைக் கிரிக்கெட் பிரியர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். டிரினிடாட்டில் பிறந்த மேற்கிந்தியத் தீவுகளின் பெரிய ஆட்டக்காரர். யுத்த காலத்தில் பிரித்தானியத் தொழில் அமைச்சில் மேற்கிந்தியத் தொழிலாளர்களின் நலன் பார்க்கிற அதிகாரியாக இருந்தார். லோர்ட்ஸ் மைதானத்தில் ஒரு ஆட்டத்துக்காக, மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு லண்டன் ரசல் சதுக்கத்தில் இருந்த இம்பீரியல் ஹோட்டலுக்கு வந்தார். நான்கு இரவுக்கு முன்கூட்டியே பதிந்திருந்தார். வந்த பிறகு, ஒரு இரவுக்கு மேல் தங்க முடியாது என்றார்கள். கறுத்தவர்கள் தங்கினால் அங்கே தங்கியிருக்கிற அமெரிக்கர்களுக்குப் பிடிக்காது என்பது காரணம். அவர் மனைவி பிள்ளையோடு வேறு ஹோட்டலுக்குப் போனார். பிறகு வழக்குப் போட்டார்.

எந்தச் சட்டத்தின் கீழ்? நிறப் பாகுபாட்டைத் தடுக்கிற சட்டம் அப்போது பிரித்தானியாவில் இல்லவே இல்லை. அவருடைய வழக்கறிஞர்கள் எடுத்தது அந்தப் பழைய இன் சட்டத்தை, வழிப்போக்கரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்ற குதிரைவண்டிக் காலத்து விதியை. 1944 இல் நீதிபதி பேர்க்கெட் கொன்ஸ்டன்டைனுக்குச் சார்பாகத் தீர்ப்புச் சொன்னார். வேறு ஹோட்டலில் இடம் கிடைத்ததுதானே, என்ன நட்டம் என்ற வாதத்தை அவர் ஏற்கவில்லை. உரிமை மீறப்பட்டதே போதும் என்றார். இழப்பீடு ஐந்து கினி. பெயருக்கு ஒரு தொகை. பிள்ளைக்கு முன்னால ஒரு தகப்பனுக்கு "உங்களுக்கு இங்க இடமில்லை" என்று சொன்னதன் விலையை எந்தக் கோடும் கணக்குப் பார்க்க முடியாதுதான். ஆனால் கவனியுங்கோ: இது ஹோட்டலாக இருந்தபடியால்தான் அவர் வென்றார். தங்குமிடம் இல்லாத சாதாரண பப்பாக இருந்திருந்தால் அவருக்குச் சட்டத்தில் ஒரு பிடியும் இல்லை.

அந்தப் பிடி இல்லாமல் இருபது வருசம் போனது. பேர்மிங்ஹாமுக்குப் பக்கத்தில் ஸ்மெதிக் என்ற தொழில் நகரம். இரும்பு வார்க்கிற சூளையில் வேலை செய்த பஞ்சாபிகள் வேலை முடிய ஒரு பியர் குடிக்கப் போனால், சில பப்புகள் உள்ளேயே விடாது. சில, பப்ளிக் பாரில் மட்டும் விடும், நல்ல அறைக்குள் விடாது. இந்தியத் தொழிலாளர் சங்கத்து அவ்தார் சிங் ஜோல் போன்றவர்கள் வெள்ளைக்கார நண்பர்களோடு சேர்ந்து போய், யாருக்குக் கொடுக்கிறார்கள், யாருக்கு மறுக்கிறார்கள் என்று காட்டிப் போராடினார்கள். 1965 மாசி 12 ஆம் திகதி மல்கம் எக்ஸ் ஸ்மெதிக்குக்கு வந்தார். ஜோல் அவரை 'புளூ கேட்ஸ்' பப்பின் நல்ல அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கொடுக்க மாட்டோம் என்றார்கள். ஒன்பது நாள் கழித்து மல்கம் எக்ஸ் நியூயோர்க்கில் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த வருசக் கடைசியில்தான் பிரித்தானியாவின் முதலாவது இன உறவுகள் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஹோட்டல், உணவகம், பப் எல்லாம் அதற்குள் அடக்கம். இன்று அந்தப் பக்கத்துப் பப்புகள் கனக்கவற்றைப் பஞ்சாபிகளே நடத்துகிறார்கள். 'தேசி பப்' என்று பெயர். வெள்ளைக்காரக் குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமை தந்தூரி சாப்பிட வரிசையில் நிற்கினம்.

இனிச் சாப்பாட்டுக்கு வருவம். இறைச்சிப் பங்கீடு 1954 இல்தான் முடிந்தது, யுத்தம் முடிந்து ஒன்பது வருசம் கழித்து. பதினான்கு வருசம் அளந்து இறைச்சி தின்ற சனம். அடுத்த வருசமே பிரிஸ்டல் நகரத்தில் 'றம்மர்' என்ற பழைய டவேர்ணில் பிராங்க், அல்டோ பேர்னி என்ற இத்தாலியச் சகோதரர்கள் முதலாவது பேர்னி இன்னைத் திறந்தார்கள். சாப்பாட்டுப் பட்டியல் ஒரு கையளவு. ஸ்டேக், சிப்ஸ், பட்டாணி, பாண், முடிவில் ஐஸ்கிறீம் அல்லது சீஸ். எல்லாம் சேர்த்து ஏழு ஷில்லிங் ஆறு பென்ஸ். பிரெஞ்சுப் பெயர்களைப் பார்த்து வெட்கப்படத் தேவையில்லை, எந்தக் கரண்டியை முதலில் எடுப்பது என்ற பயம் இல்லை, பில் எவ்வளவு வரும் என்று உள்ளே போக முன்னமே தெரியும். தொழிலாளி வீட்டுக் குடும்பங்கள் ஆயுளில் முதல் தடவையாகக் கலியாண நாளுக்கும் பிறந்தநாளுக்கும் வெளியே போய் இருந்து சாப்பிட்டன. கொஞ்சம் படித்தவர்கள் அதை நக்கலடித்தார்கள். இறால் கொக்டெயிலும் பிளாக் பொரஸ்ட் கேக்கும் இப்பவும் அங்க பகிடிதான். எனக்கு அந்தப் பகிடி பிடிப்பதில்லை. பயமில்லாமல் ஒரு கதிரையில் இருந்து சாப்பிட ஒருவருக்கு வழி செய்து கொடுத்தவர்களை நக்கலடிக்க என்ன இருக்கு?

கிராமத்துப் பப்புக்கு இந்தச் சாப்பாடு வந்து சேர்ந்ததற்குக் கார் ஒரு காரணம், பொலிஸ் இன்னொன்று. 1967 இல் பார்பரா கார்சில் போக்குவரத்து அமைச்சராய் இருந்தபோது, சாரதிகளை ஊதச் சொல்லிப் பரிசோதிக்கிற முறை வந்தது. அதுவரை பத்து மைல் ஓடிப்போய் நாலு பைந்த் குடித்துவிட்டுத் திரும்பின ஆட்கள் இப்போது ஒன்றோடு நிறுத்த வேண்டும். பியரை மட்டும் நம்பியிருந்த கிராமத்துப் பப் என்ன செய்யும்? அடுப்பு மூட்டியது. பாணும் சீஸும் ஊறுகாயும் வைத்த 'உழவன் மதியச் சாப்பாடு' கறுப்புப் பலகையில் ஏறியது. ஏதோ நூறு தலைமுறைப் பாரம்பரியம் என்று சொல்லி விற்பார்கள். உண்மையில் அந்தப் பெயரைப் பரப்பியது 1950கள், 60களில் சீஸ் விற்கப் பாடுபட்ட சபைகளின் விளம்பரம். (பாரம்பரியம் என்று யாரும் சொன்னால் எந்த வருசம் என்று கேட்டுப் பார்க்கிறது நல்ல பழக்கம்.)

பிள்ளைகளின் கதை இன்னும் பிந்தியது. தோட்டத்திலும் தனிச் சாப்பாட்டு அறையிலும் அவர்களை விட்டார்கள். ஆனால் இங்கிலாந்தில் 14 வயதுக்குக் குறைந்த பிள்ளை பெற்றோருடன் பார் அறைக்குள்ளேயே இருந்து சாப்பிடச் சட்டப்படி வழி வந்தது 1995 இல், 'பிள்ளைகள் சான்றிதழ்' எடுத்த பப்புகளுக்கு மட்டும். பெண்களின் கதையிலும் ஒரு வால் உண்டு. லண்டன் பிளீட் வீதியில் 'எல் வீனோ' என்ற வைன் கடை, பெண்கள் மேசையில் இருக்கலாம், ஆனால் பாரில் நின்று வாங்க முடியாது என்று 1982 வரை சட்டம் பேசியது. டெஸ் கில் என்ற சட்டத்தரணியும் ஆனா கூட் என்ற பத்திரிகையாளரும் மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை போய்த்தான் அதை முறித்தார்கள். 2007 இல் புகைத்தடை வந்து சுவாசிக்கவும் முடிந்தது. பெரியம்மா 1980களின் கடைசியில் அங்க போன ஆள். ஆக, பேரப்பிள்ளைகளோடு அவ இருந்த அந்த மேசை, அவ லண்டனுக்குப் போனபோது சட்டப்படி இல்லாத ஒரு மேசை.

இங்க எங்களுக்கு? 1979 இல் வந்த கலால் அறிவித்தல் ஒன்று, பெண்களுக்கு மது விற்பதையும், மது விற்கிற இடங்களில் அவர்கள் வேலை செய்வதையும் தடுத்தது. 2018 தையில் நிதி அமைச்சர் மங்கள சமரவீர அதை நீக்கினார். சில நாட்களுக்குள் ஜனாதிபதி சிறிசேன திரும்பப் போட வைத்தார். குடிக்கிறது நல்லதோ கூடாதோ என்பது வேறு கதை, அதில் நான் அம்மம்மாவின் கட்சி. ஆனால் யார் எந்தப் படி ஏறலாம் என்று இன்னொருவர் சொல்கிற கதை அதுவல்ல.

இதை எல்லாம் நான் அம்மம்மாவுக்குச் சொன்னேன். கொன்ஸ்டன்டைன் கதையைச் சொல்லும்போதுதான் அவ பாக்கு வெட்டுறதை நிப்பாட்டினா.

"எங்கட அண்ணையின்ர தேத்தண்ணிக் கடையிலயும் அப்பிடித்தான்," என்றா.

எங்கட குடும்பத்தில் ஒரு தேத்தண்ணிக் கடை இருந்ததே எனக்குத் தெரியாது. சந்திக்குப் பக்கத்திலயாம். உள்ளே வாங்கும் மேசையும் கிளாசும். வெளித் தாவாரத்தில் கம்பியில் தகரப் பேணியும் போத்தலும் தொங்குமாம். ஒடுக்கப்பட்ட சாதி ஆட்கள் வெளியில நின்று, தங்கட பேணியைத் தாங்களே எடுத்து, மேலிருந்து ஊற்றுகிற தேத்தண்ணியைப் பிடித்து, நிலத்தில குந்தியிருந்து குடித்து, கழுவித் திரும்பக் கொழுவிவிட்டுப் போக வேண்டும். சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957 இலேயே வந்துவிட்டது. 1966 ஐப்பசி 21 ஊர்வலமும், சங்கானையிலும் பிற இடங்களிலும் நடந்த தேநீர்க்கடைப் போராட்டங்களும் வந்த பிறகுதான் பேணிகள் இறங்கத் தொடங்கின. புத்தகங்களில் படித்திருக்கிறேன். எங்கட வீட்டுக்கும் அதுக்கும் இவ்வளவு கிட்ட என்று நினைக்கவில்லை.

"நீங்கள் கண்டனீங்களோ?"

"காணாமல்? நான்தானே வீட்டில இருந்து பால் கொண்டுபோறனான்."

"பிறகு?"

"அவங்கள் கடைக்குள்ள வந்து இருப்பம் எண்டு சொன்னோடன அண்ணை கடையைப் பூட்டிப்போட்டார். ஆறேழு மாதம். பிறகு திறக்க வேண்டி வந்திட்டுது, சீவிக்க வேணுமெல்லோ. வாங்கில எல்லாரும் இருந்தினம். அண்ணை ஒருநாளும் அவையளோட முகம் குடுத்துக் கதைக்கேல்லை."

"அது பிழையெண்டு உங்களுக்கு அப்ப தெரிஞ்சதோ?"

அம்மம்மா பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் முற்றத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தா. பிறகு போனைத் திருப்பிக் கேட்டு வாங்கி, அதே படத்தைத் திரும்பப் பெருப்பிச்சு, பெரியம்மாவுக்குப் பின்னால நிற்கிற வெள்ளைக்காரப் பெட்டையைக் காட்டி, உவள் ஆர் என்று கேட்டா. சாப்பாடு கொண்டுவந்து வைக்கிற பிள்ளை என்றேன்.

"உவளுக்கு இவை சாப்பாடு குடுத்தவையோ?"

தெரியாது என்றேன். பெரியம்மாவைக் கேட்டு எழுதச் சொன்னா. அன்று இரவே குழுவில் கேட்டேன். கேக்கில ஒரு துண்டு கொடுத்ததாம், வீட்ட கொண்டுபோக அவ கடதாசியில சுத்தி வைத்தவவாம் என்று மச்சான் பதில் போட்டான்.